சிம் கார்டும் ஏ.டி. கார்டும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் குடிநீர் சம்பந்தமாக ஒரு கூட்டம். என்னையும் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ரிட்டயர் ஆனவனுக்கு மைக் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தும் சொதப்பிவிட்டு வந்தேன். சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லவில்லை. கட்டாயம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயத்துக்கு வாயே வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் ஆற்றுப்படுகையில் இருக்கும் உறைகிணற்றிலிருந்து வருகிறது. கிணறும் மோட்டார் ரூமும் அங்கே. மேல்நிலைத் தொட்டி இங்கே, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். நடுவில் நான்கு கிலோமீட்டர். தொட்டி நிரம்பிவிட்டது என்ற சேதி மோட்டாருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை. இப்போது அந்தச் சேதியைச் சுமப்பவர் எங்கள் டேங்க் ஆபரேட்டர். டி.வி.எஸ். 50-இல் போய் மோட்டாரைப் போடுவார், திரும்பி வந்து தொட்டியைப் பார்ப்பார், மறுபடி போய் நிறுத்துவார். ராத்திரியில் கணக்கு வைத்துத்தான். மோட்டார் போட்டு மூன்றே முக்கால் மணி நேரத்தில் நிரம்பும் என்பது அவர் கணக்கு. நடுவில் கரண்ட் போய் வந்தால் கணக்கு தப்பும். தொட்டி வழியும், அல்லது அரைத் தொட்டியோடு விடியும். வாரத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கிறது. அவருக்கு அடுத்த வருடம் அறுபது.

இதற்காக ஒரு கம்பெனித் தம்பி வந்திருந்தார். நல்ல பையன், தெளிவாகப் பேசினார். தொட்டியில் ஒரு பெட்டி, அதற்குள் சிம் கார்டு. மோட்டார் ரூமில் ஒரு பெட்டி, அதற்குள்ளும் சிம் கார்டு. இரண்டும் 'கிளவுட்' உடன் பேசும். போனிலேயே தொட்டி மட்டம் தெரியும், போனிலேயே மோட்டாரை நிறுத்தலாம். வருடா வருடம் ஒரு கட்டணம்.

"சர்வர் எங்கே தம்பி இருக்கு?" என்று கேட்டேன்.

"மும்பையில சார்."

நான்கு கிலோமீட்டர் போக வேண்டிய ஒரு வார்த்தை, மும்பைக்குப் போய்விட்டு வர வேண்டும். சந்தைக்குப் போகிறவன் காசிக்குப் போய்த் திரும்பி வந்த மாதிரி. எதற்கு இந்தச் சுற்று? இங்கே ஒரு ரேடியோ மோடம், அங்கே ஒரு ரேடியோ மோடம், நேருக்கு நேர் பேசட்டுமே என்றேன். வாயை மூடவில்லை, முன் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். அவரும் என்னைப் போல ரிட்டயர் ஆனவர், நீர்வழங்கல் வேலையிலேயே இருந்தவர். "வயர்லெஸ் எல்லாம் நம்பவே முடியாதுங்க. தொண்ணூத்தி மூணுல ஒரு ஊர்ல இப்படித்தான் வயர்லெஸ்ஸை வச்சு, ராத்திரி முழுக்கத் தொட்டி வழிஞ்சு, ஒரு வீட்டுச் சுவர் விழுந்து, ஒரு அம்மாவுக்குக் கால் போச்சு. நமக்கெதுக்கு அந்த வம்பு?" என்றார். கூட்டம் தலையாட்டியது. தலைவர் அம்மாவும் தலையாட்டினார். கம்பெனித் தம்பிக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

சிம் கார்டுக்கு மட்டும் வயர் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அதுவும் வயர்லெஸ்தான். நம் பெட்டியிலிருந்து செல் டவருக்குக் காற்றில்தான் போகிறது. பிறகு டவரிலிருந்து தரைக்கடியில் கண்ணாடி இழைக் கேபிள், ரோடு போடுகிற ஜே.சி.பி. நினைத்தால் அறுக்கக்கூடியது. பிறகு செல்போன் கம்பெனியின் கட்டமைப்பு, அதன் பிறகு இன்டர்நெட், சர்வர். திரும்பி வரும்போது இதே வரிசை தலைகீழாக. எட்டுக் கண்ணி என்று வையுங்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நேரம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சங்கிலி நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டுதான் தேறும். ஒவ்வொரு கண்ணிக்கும் தனி பேட்டரி, தனி முதலாளி, தனி பில். கோளாறு எங்கே என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார். நான் சொல்லும் ஏற்பாட்டில் இரண்டு பெட்டி, இரண்டு பேட்டரி, இரண்டு ஆண்டெனா. அத்தனையும் நம் ஊர் எல்லைக்குள், நம் ஆள் கை படும் இடத்தில்.

இதையெல்லாம் கூட்டத்திலேயே ஓரளவு சொன்னேன். சொல்லாதது, அந்தத் தொண்ணூற்று மூன்று விவகாரம்.

அந்த வயர்லெஸ்ஸை அமைத்தது நான்தான்.

அது எந்த ஊர், நான் அப்போது எந்த அலுவலகத்தில் இருந்தேன் என்பதெல்லாம் வேண்டாம். வி.எச்.எஃப். அலைவரிசையில் இரண்டு வயர்லெஸ் செட், 1200 பாட் மோடம், 8031 மைக்ரோகன்ட்ரோலர் வைத்து நாங்களே செய்த பலகை. லைசென்ஸுக்கு டெல்லிக்குக் காகிதம் அனுப்பிக் காத்திருந்து வாங்கிய அலைவரிசை. நான் எழுதிய புரோகிராம் 2764 ஈப்ராமில் பாதியைக்கூட நிரப்பவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

தொட்டி நிரம்பியதும் அங்கிருக்கும் செட் 'நிறுத்து' என்று ஒரு தடவை சொல்லும். மோட்டார் பக்கத்துச் செட் அதைக் கேட்டு நிறுத்தும். ஐந்து மாதம் அழகாக ஓடியது. ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி நல்ல மழை, மாலையிலிருந்தே தொட்டிப் பக்கம் கரண்ட் இல்லை, செட் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பியது. செட் 'நிறுத்து' என்று சொன்னது. மோட்டார் நிற்கவில்லை. விடியும்வரை தொட்டி வழிந்தது. கீழே இருந்த ஒரு வீட்டின் மண் சுவர் ஊறி உள்பக்கமாக விழுந்தது. உள்ளே படுத்திருந்த அம்மாளுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

ஒரு வாரம் கழித்து செட்டை மேஜையில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. வயர்லெஸ் செட் பேச ஆரம்பிக்கும் முன் அதன் ரிலே விழ வேண்டும், டிரான்ஸ்மிட்டர் நிலைக்கு வர வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்துவிட்டுத்தான் டேட்டாவை அனுப்ப வேண்டும். ஹாம் ரேடியோக்காரர்கள் இதற்கு முந்நூறு மில்லி செகண்ட் தாராளமாகக் கொடுப்பார்கள். நான் அறுபது கொடுத்திருந்தேன். பேட்டரி நிறைவாக இருக்கும்வரை அது போதும். மின்னழுத்தம் இறங்கியபோது ரிலே தாமதித்தது, செய்தியின் முதல் இரண்டு எழுத்து காற்றில் ஏறவே இல்லை. மறுமுனை வாங்கிப் பார்த்தது, சரிபார்ப்புக் கூட்டல் ஒத்துவரவில்லை, தூக்கிப் போட்டது. அது செய்தது சரி. அரைகுறைச் செய்தியை நம்பி வேலை செய்யக் கூடாது. ஆனால் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அது சொல்லவில்லை. சொல்ல நான் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தச் செட்டுக்கும் பேச வாய் இருந்தது, ஈப்ராமில் பாதி இடம் காலியாக இருந்தது.

விசாரணை வந்தது. அறிக்கையில் 'வயர்லெஸ் தொடர்புக் கோளாறு' என்று மூன்று வார்த்தை எழுதினார்கள். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இத்தோட விடுங்க" என்றார். விட்டேன். எனக்கு மெமோ இல்லை, இன்கிரிமென்ட் வெட்டு இல்லை. செட்டுகளைக் கழற்றி ஸ்டோரில் போட்டார்கள். பழையபடி சைக்கிளில் ஒரு ஆள். நான் வாயைத் திறக்காததால், வயர்லெஸ் என்றாலே அப்படித்தான் என்று ஒரு பேச்சு நிலைத்தது. முப்பது வருடம் தாண்டி அதே பேச்சு என் ஊர்க் கூட்டத்தில் என் எதிரிலேயே எழுந்து நிற்கிறது. அந்தப் பெரியவர் மேல் தப்பில்லை. அவர் படித்தது அந்த மூன்று வார்த்தையைத்தான்.

ஆகவே இப்போது சொல்கிறேன். அன்று தவறியது ரேடியோ இல்லை. ஒரு தடவை சொன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பிய நான்.

இந்த விஷயத்தில் நம் தாத்தாக்களுக்கு இருந்த தெளிவு எனக்கு இல்லை. பத்திரம், நோட்டீஸ் என்று முக்கியமான காகிதம் அனுப்புவதென்றால் சாதாரணத் தபாலிலா அனுப்புவார்கள்? ரிஜிஸ்டர் தபாலில், ஏ.டி. கார்டு ஒட்டி அனுப்புவார்கள். வாங்கியவர் கையெழுத்துப் போட்ட அந்த மஞ்சள் அட்டை திரும்பி வந்தால்தான் சேர்ந்ததாகக் கணக்கு. வரவில்லையா, மறுபடி அனுப்பு. ரேடியோ மோடத்திலும் இவ்வளவுதான் சங்கதி. செய்தி போகிறது, பிழை இருக்கிறதா என்று பார்க்கும் கூட்டல் கூடவே போகிறது. மறுமுனை சரிபார்த்து 'கிடைத்தது' என்று பதில் போடுகிறது. பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு. 1971-இலேயே ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏபிராம்சனும் அவர் சகாக்களும் 'அலோஹா' என்ற பெயரில் இதைச் செய்துவிட்டார்கள். தீவுக்குத் தீவு கடல். கேபிள் இழுக்க வழியில்லை. யு.எச்.எஃப். ரேடியோவில் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் கணினியோடு பேச வைத்தார்கள். ஒரே அலைவரிசையில் பல பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மோதினால் பதில் வராது, பதில் வராவிட்டால் கொஞ்சம் முன்பின்னான இடைவெளி விட்டு மறுபடி அனுப்பு. காற்றை அவர்கள் நம்பவில்லை. நம்பாததை வைத்தே நம்பகமாக ஒன்றைக் கட்டினார்கள். ஈதர்நெட் பிறந்ததே அந்த யோசனையின் வழியாகத்தான். 1993-இல் எனக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். புத்தகத்தில் படித்திருந்தேன். சின்ன வேலைதானே, எதற்கு இவ்வளவு என்று நினைத்தேன்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏ.டி. கார்டும் தபாலில்தானே வருகிறது? அதுவே தொலைந்தால்? அனுப்பியவர் சேரவில்லை என்று நினைப்பார், உண்மையில் சேர்ந்திருக்கும். அந்தக் கார்டுக்கு ஒரு கார்டு, அதற்கும் ஒரு கார்டு என்று போனால் முடிவே கிடையாது. தொலையக்கூடிய பாதையில் எத்தனை தடவை பேசினாலும் இருவருக்கும் நூற்றுக்கு நூறு நிச்சயம் வராது; கணக்கிலேயே நிரூபித்திருக்கிறார்கள். இரு மலையில் நிற்கும் இரு தளபதிகள், நடுவில் எதிரி கையில் சிக்கக்கூடிய தூதன் என்று ஒரு புதிராகவே இதைச் சொல்வார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? சந்தேகம் வரும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும். என் பழைய ஏற்பாட்டில் மோட்டார் 'நிறுத்து' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தது. சொல் தொலைந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். தலைகீழாக மாற்ற வேண்டும். தொட்டி அரை நிமிடத்துக்கு ஒரு தடவை 'ஓடலாம்' என்று அனுமதி கொடுக்கட்டும். அந்த அனுமதிக்கு ஆயுள் மூன்று நிமிடம். மூன்று நிமிடம் எதுவும் காதில் விழாவிட்டால், காரணம் என்னவாக இருந்தாலும் மோட்டார் தானாக நிற்கட்டும். பேட்டரி செத்தாலும் சரி, ஆண்டெனா மேல் மரம் விழுந்தாலும் சரி, மோடத்தையே திருடிக்கொண்டு போனாலும் சரி, நடக்கக்கூடிய அதிகபட்சக் கெடுதல் தொட்டி நிரம்பாமல் இருப்பது. யார் வீட்டுச் சுவரும் விழாது.

தம்பியின் பெட்டியில் இது இருக்கிறதா என்று கேட்டேன். "நெட்வொர்க் வந்ததும் சிங்க் ஆயிடும் சார்" என்றார். நெட்வொர்க் வரும்வரை மோட்டார் என்ன செய்யும் என்றதற்கு, "கடைசியா கொடுத்த கமாண்ட்ல இருக்கும்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே பள்ளம். நான் விழுந்த அதே பள்ளம், மேலே ஒரு பளபளப்பான ஆப் போட்டு மூடியிருக்கிறது.

எஸ்.எம்.எஸ். வைத்து மோட்டார் போடும் பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன். எஸ்.எம்.எஸ். என்பது வாங்கி வைத்திருந்து பிறகு கொடுக்கும் சேவை. மறுமுனை கிடைக்காவிட்டால் கம்பெனி அதைத் தன்னிடமே வைத்திருந்து எப்போது கிடைக்கிறதோ அப்போது தள்ளும். மாலை ஆறு மணிக்கு அனுப்பிய 'மோட்டார் ஆன்' ராத்திரி பன்னிரண்டுக்குப் போய்ச் சேரலாம். தொலைந்த செய்தியைக்கூடச் சமாளித்துவிடலாம். நாள்பட்ட செய்தி அதைவிட மோசம். இன்னும் சில மலிவுப் பெட்டிகளில் ஒரே கட்டளைதான்: ஓடினால் நிறுத்து, நின்றால் ஓட்டு. பதில் வரவில்லையே என்று இரண்டாவது தடவை அனுப்பினால் நின்ற மோட்டார் கிளம்பிவிடும். எத்தனை தடவை கேட்டாலும் அர்த்தம் மாறாத வார்த்தையைத்தான் காற்றில் அனுப்ப வேண்டும்.

அப்புறம் இந்தச் செல்போன் கம்பெனிகளின் ஆயுள். 2018-இல் ஒரு கம்பெனி கடையைக் கட்டியபோது நாம் எல்லோரும் நம்பரை மாற்ற வரிசையில் நின்றோமே, மறந்திருக்காது. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு தோப்புக்காரர் வைத்திருந்த மோட்டார்ப் பெட்டியில் அந்த சிம்தான். அவர் போனை மாற்றினார், பெட்டிக்குள் ஒரு சிம் இருப்பது நினைவில்லை. நான்கு நாள் தோப்புக்குத் தண்ணீர் பாயவில்லை. பெரிய ஊர்க்காரர்களும் தப்பவில்லை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி கம்பெனி தன் 2ஜி சேவையை 2017 புத்தாண்டோடு மூடியது. மூடப்போவதாகப் பல வருடம் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். அப்படியும் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் பல, வரும் நேரம் காட்டும் பலகையிலிருந்து காணாமல் போயின. பேருந்துகள் ஓடின; அவற்றுக்குள் இருந்த பழைய மோடம் பேச ஆள் இல்லை. நம் தொட்டி முப்பது வருடம் நிற்கும். அதற்குள் எத்தனை 'ஜி' வந்து போகும்?

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாக்காரர்கள் பட்ட பாட்டையும் நினைத்துப் பாருங்கள். மின்கம்பம் ஆயிரக்கணக்கில் விழுந்தது, செல் டவர்கள் செத்தன. தண்ணீர் மிகமிகத் தேவைப்படும் நாளில் அடுத்தவர் டவரை நம்பி நம் மோட்டார் நிற்க வேண்டுமா? ஜெனரேட்டர் வைத்து மோட்டாரை ஓட்டுகிறவர்கள், இரண்டு சின்ன பேட்டரிக்கு சோலார் தகடு வைத்துக்கொள்ள மாட்டார்களா?

கூட்டத்தில் கேட்ட இன்னொரு கேள்வி: "மழை பேஞ்சா சிக்னல் போயிடுமே சார்?" இது டி.டி.எச். டிஷ் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். டிஷ் வேலை செய்வது பன்னிரண்டு கிகா ஹெர்ட்ஸ் பக்கத்தில். அங்கே மழைத்துளி அலையைத் தின்னும். நாம் பேசப்போவது 865 முதல் 867 மெகா ஹெர்ட்ஸ். நான்கு கிலோமீட்டரில் அங்கே எந்த மழையும் ஒன்றும் செய்யாது. மழை நாளில் இந்த ரேடியோ கெட்டால், மழை காற்றில் இல்லை, கனெக்டருக்குள் இருக்கிறது. ஆண்டெனா கேபிளின் முனையைச் சரியாகச் சுற்றாமல் விட்டிருப்பார்கள். நீர் இறங்கி, உள்ளே செம்பு பச்சை பிடித்திருக்கும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படிச் சுற்ற வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட வேண்டும், நீர் அங்கே சொட்டிவிடும். பத்து ரூபாய் வேலை. இதைச் செய்யாமல் எத்தனை லட்ச ரூபாய் ஏற்பாடுகள் 'வயர்லெஸ் அன்ரிலயபிள்' என்று பெயர் வாங்கியிருக்கின்றன!

அந்த 865–867 பட்டைக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. 2005-இலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். டிரான்ஸ்மிட்டர் ஒரு வாட்டுக்குள், ஆண்டெனாவோடு சேர்த்து வெளியேறும் திறன் நான்கு வாட்டுக்குள், ஒரு சேனல் அகலம் 200 கிலோ ஹெர்ட்ஸுக்குள். கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். நான் அன்று டெல்லிக்கு எழுதிய காகிதங்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

ஒரு வாட் போதுமா? கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அரை வாட் என்றால் 27 டி.பி.எம். இரண்டு முனையிலும் சின்ன யாகி ஆண்டெனா, ஆளுக்கு 6 டெசிபல் லாபம். வெட்டவெளியில் நான்கு கிலோமீட்டருக்கு நஷ்டம் 103 டெசிபல். கேபிள்களில் 4 போகட்டும். மறுமுனையில் மைனஸ் 68 வந்து சேரும். 9600 வேகத்தில் ஒரு நல்ல மோடத்துக்கு மைனஸ் 105 வந்தாலே காது கேட்கும். கையிருப்பு 37 டெசிபல். அதாவது சிக்னல் ஆயிரம் மடங்கு குறைந்தாலும் பேச்சு நிற்காது. இவ்வளவு கையிருப்பை வைத்துக்கொண்டு சிலர் அதை எப்படித் தொலைக்கிறார்கள் தெரியுமா? மலிவாகக் கிடைக்கிறதென்று ஆர்.ஜி. 58 கேபிளை முப்பது மீட்டர் இழுப்பார்கள். மோடத்திலிருந்து கிளம்பிய சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட ஆண்டெனாவைப் போய்ச் சேராது. ஒரு முனையில் யாகியை நிற்க வைத்தும் மறுமுனையில் படுக்க வைத்தும் மாட்டுவார்கள். அதில் ஒரு இருபது டெசிபல் போகும். பிறகு 'ரேஞ்ச் பத்து கிலோமீட்டர்னு போட்டிருந்தானே' என்று டப்பாவைத் திட்டுவார்கள்.

விளம்பரத்தில் போடும் அந்தப் பத்து கிலோமீட்டருக்கு அர்த்தமே இல்லை. தூரத்தைவிட உயரம் முக்கியம். கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பதும் தவறு. அலை நூல் பிடித்தாற்போலப் போவதில்லை, நடுவில் கொழுக்கட்டை மாதிரி உப்பிக்கொண்டு போகும். நான்கு கிலோமீட்டருக்கு நட்ட நடுவில் அந்த உப்பல் பதினெட்டரை மீட்டர் ஆரம். அதில் அறுபது சதவீதம், பதினோரு மீட்டர் சொச்சம், தடையில்லாமல் இருக்க வேண்டும். எங்கள் தொட்டிமேல் கம்பம் நட்டால் தரையிலிருந்து இருபத்தொரு மீட்டர். மோட்டார் ரூமில் பன்னிரண்டு மீட்டர்க் கம்பம். தரை ஏறத்தாழ ஒரே மட்டம் என்பதால் நடுவில் கோட்டின் உயரம் பதினாறரை. கீழே ஐந்து மீட்டர் வரை எது இருந்தாலும் தொல்லையில்லை. இருப்பது வயலும் சீமைக்கருவேலமும். ஆனால் மோட்டார் ரூமை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. நாலைந்து மரம் குறுக்கே வரும். கையிருப்பு அதைத் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அளந்து பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

சிம் பெட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அறுபது கிலோமீட்டர் தூரம், நடுவில் மலை, அல்லது மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நூறு கிணறு என்றால் அதுதான் வழி. எங்கள் ஊரிலும் தொட்டி மட்டத்தைத் தலைவர் அம்மா போனில் பார்க்க வேண்டுமென்றால் தாராளமாக ஒரு சிம் போடட்டும். அது செத்தால் அவர் பார்க்க முடியாது, அவ்வளவே. மோட்டார் நிற்பதும் ஓடுவதும் அதன் கையில் இருக்கக் கூடாது என்பதுதான் என் சண்டை.

தம்பியிடம் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். செய்தி தொலைந்தால் மோட்டார் என்ன செய்யும், எத்தனை நிமிடத்தில் செய்யும், பழைய செய்தி தாமதமாக வந்தால் அது பழையது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும் என்று மூன்று கேள்வி. பதில் எழுத்தில் வேண்டும் என்றேன். ரேடியோ மோடம் விற்கிறவர்களுக்கும் அதே தாள்தான். அவர்களிலும் 'டிரான்ஸ்பரன்ட்' என்று போட்டு, அனுப்பியது சேர்ந்ததா என்று கவலையே படாத பெட்டியை விற்கிறவர்கள் உண்டு. மோட்பஸ் செய்தியை நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டுத் துண்டாக அனுப்பி, மறுமுனையில் பி.எல்.சி. அதை இரண்டு செய்தியாக எடுத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்து நான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அது வேறொரு பதிவுக்கு.

நேற்று அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். தொண்ணூற்று மூன்றில் அது என் வேலை என்று சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மா என்ன ஆனாங்க, தெரியுமா?" என்று கேட்டார். தாங்கித் தாங்கி நடந்தார், நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், மூன்றாவது தடவை போகத் தைரியமில்லை என்றேன். கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை டெஸ்ட் வச்சா நானும் வரேன்" என்றார்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சோதனை. பழைய சகா ஒருவரிடம் இரண்டு மோடமும் ஒரு ஜோடி யாகியும் இரவல் வாங்கியிருக்கிறேன். மோட்டார் ரூம் மாடியில் பெரியவர் இருப்பார். நிமிடத்துக்கு ஒரு செய்தி, ஒரு நாள் முழுக்க, எத்தனை போனது, எத்தனைக்கு ஏ.டி. கார்டு வந்தது என்று எழுதிவைக்கப் போகிறோம். தொட்டிமேல் நான் ஏறுவதாக இருந்தேன். எழுபத்தொன்று வயதில் ஏணி ஏறினால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று மகன் மிரட்டுகிறான். டேங்க் ஆபரேட்டரே ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டார். மேலிருந்து மூன்றாவது படி துருப்பிடித்து ஆடுகிறதாம், சனிக்கிழமைக்குள் அதற்கு ஒரு வெல்டரைப் பிடிக்க வேண்டும்.